பெரிய கடை வருவதைத் தடுக்க முடியுமா?

கேள்வி: அப்பா காலத்திலிருந்து மளிகைக் கடை நடத்துகிறோம். கடைக்குப் பக்கத்துத் தெருவில், வீடுகளுக்கு நடுவே, ஒரு சூப்பர் மார்க்கெட் நிறுவனம் மூன்று மாடி எழுப்புகிறது. தெருக்காரர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வணிகர் சங்கம் மூலம் தடை வாங்க முடியுமா? என் வீடும் அந்தத் தெருவில்தான்.
– வாசகர், தஞ்சாவூர் மாவட்டம்

பதில்: உங்கள் கடிதத்தின் கடைசி வரியில்தான் வழக்கே இருக்கிறது.

'என் வியாபாரம் படுத்துவிடும்' என்று மட்டும் சொன்னால் மனு நிற்காது. தொழில் செய்யும் உரிமை உங்களுக்கும் அவர்களுக்கும் ஒன்றுதான். குஜராத்தில் ஒரு தியேட்டர் உரிமையாளர், தன் ஊரில் இன்னொரு தியேட்டருக்குத் தடையில்லாச் சான்று கொடுத்ததை எதிர்த்தார். போட்டியால் வரும் நஷ்டம் சட்டப்படி பாதிப்பு ஆகாது என்று 1975 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அவர் மனுவைத் தள்ளிவிட்டது.

ஆனால் 1974-இல் உடுப்பி வழக்கு வேறு மாதிரி முடிந்தது. அங்கேயும் தியேட்டர்தான். எதிர்த்தவர் அந்தப் பகுதியில் குடியிருந்தவர். நகரமைப்புத் திட்டத்துக்கு மாறாக நகராட்சி கொடுத்த அனுமதி செல்லாது என்று அதே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கட்டடத்துக்குப் பெரும் பணம் செலவாகிவிட்டது என்ற வாதம் எடுபடவில்லை.

எனவே கடைக்காரராக அல்ல, தெருவாசியாகப் போங்கள். முதலில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி மனுப் போடுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். முழுமைத் திட்டத்தில் அந்த இடம் குடியிருப்பா, வணிகமா? நிலப் பயன்பாடு மாற்றப்பட்டிருந்தால் ஆட்சேபனை கேட்டு அறிவிப்பு வந்ததா? திட்ட அனுமதி ஆணை, அங்கீகரித்த வரைபடம் இரண்டின் நகலையும் கேளுங்கள். வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு தெருவின் அகலத்தை டேப் பிடித்து அளங்கள். அடித்தளத்தில் 'வாகன நிறுத்தம்' என்று காட்டிவிட்டுப் பிறகு சரக்கு குடோன் ஆக்குவது வழக்கமாக நடக்கிறது; அதையும் கவனியுங்கள்.

விதிமீறல் தெரிந்தால் நகராட்சிக்கும் நகர ஊரமைப்பு அலுவலகத்துக்கும் புகார் கொடுங்கள். 1971-ஆம் ஆண்டு நகர ஊரமைப்புச் சட்டத்தின் 56, 57 பிரிவுகளில் வேலையை நிறுத்தவும் இடிக்கச் சொல்லவும் அவர்களுக்கு அதிகாரம் உண்டு. அசையாவிட்டால் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ரிட் மனு. கட்டி முடிக்கும்வரை காத்திருக்காதீர்கள். தாமதம் உங்களுக்கு எதிராகவே பேசும்.

எல்லாம் விதிப்படி இருந்தால் தடை கிடைக்காது. ஒவ்வொரு கட்டடத்துக்கும் தெருக்காரர்களைக் கேட்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. இது பெரிய குறை என்றே நினைக்கிறேன். முழுமைத் திட்டம் தயாராகும்போதும் நிலப் பயன்பாடு மாறும்போதும்தான் மக்கள் ஆட்சேபனை சொல்லலாம். நாளிதழில் வரும் அந்த அறிவிப்பைப் பெரும்பாலும் யாரும் படிப்பதில்லை. உங்கள் சங்கம் செய்யக்கூடிய உருப்படியான வேலை, அதைக் கண்காணித்து உறுப்பினர்களுக்குச் சொல்வது.

இப்போதைய புகாரைச் சங்கத்தின் லெட்டர்பேடில் அனுப்ப வேண்டாம். பக்கத்து வீட்டாரின் கையெழுத்தோடு, கதவு எண் போட்டு, குடியிருப்போர் பெயரில் கொடுத்து, நகலில் அலுவலக முத்திரை வாங்கி வையுங்கள்.