புயலும் அரசின் கடமையும்

பெரும்புயல் ஓய்ந்தபின் அரசு ஆற்றிய பணியை மதிப்பிடப் புகுவோர், வழங்கப்பெற்ற அரிசியையும் ஆடையையும் கணக்கிடுதலே பெரும்பாலும் வழக்கமாம். அது பாதி மதிப்பீடே என்பதை, இன்று ஒடிசா எனப்பெறும் ஒரிசா மாநிலத்தின் வரலாறு நமக்கு உணர்த்தும்.

1999ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் நாள், பாராதீப் துறைமுகத்திற்கு அணித்தாகப் பெரும்புயல் ஒன்று கரையேறிற்று. கடல் பொங்கி எரசமா முதலிய ஊர்களுட் புகுந்தது. ஏறத்தாழ 10,000 மக்கள் மாண்டனர். வானிலையாளர் எச்சரிக்கை விடுக்காமல் இல்லை. கேட்டவர் சென்று ஒதுங்குதற்கு உறுதியான கட்டடங்களே மிகச் சில. போக்கிடம் காட்டாத எச்சரிக்கையால் குடிசைவாழ் ஏழைக்கு யாது பயன்?

அரசு அக்குறையை உணர்ந்தது. அவ்வாண்டின் இறுதியிலேயே பேரிடர் தணிப்பிற்கெனத் தனி ஆணையம் ஒன்றை நிறுவிற்று. பின்னர்க் கடலோரத்தில் புயற்காப்பகங்களை எழுப்பி, ஊர்த்தொண்டர்களையும் பயிற்றுவித்தது. 2013 அக்டோபர் 12இல் பைலின் புயல் கோபால்பூரருகே தாக்கியபோது, ஏறத்தாழ 10 இலட்சம் மக்கள் முன்னரே பாதுகாப்பான இடங்கட்குக் கொண்டுசெல்லப்பட்டனர். மாண்டோர் தொகை நூற்றுக்கும் மிகக் குறைவு.

எனினும், 2019 மே மாதத்தில் ஃபானி புயல் வீசியபின், உயிர்பிழைத்துத் திரும்பியோர் பலர் தம் வீடு சிதைந்து கிடக்கக் கண்டனர். பூரிப் பகுதியில் மின்னொளி மீளப் பன்னாட்கள் சென்றன.

ஆதலின் மதிப்பிடுவோர் வினவத்தக்கவை மூன்று: எச்சரிக்கை கடைசிக் குடிசையையும் எட்டிற்றா? ஒதுங்க இடம் இருந்ததா? திரும்பியவர்க்கு வீடும் தொழிலும் மீண்டனவா? முன்னிரண்டிற்கும் அம்மாநிலம் பெரிதும் விடை கண்டது. மூன்றாவது வினாவிற்கு விடை காண்பதே எஞ்சிய கடமையாகும்.