பங்கும் பொறுப்பும்

தென்னமெரிக்காவின் மேலைக் கரையோரமாக ஆண்டீஸ் என்னும் மலைத்தொடர் வானளாவ ஓங்கி நிற்கின்றது. அதன் மடியிலே, பெரு நாட்டில், வாராஸ் என்னும் நகரம் அமைந்துள்ளது. நகருக்கு மேலே, 4,500 மீட்டருக்கும் மிகுந்த உயரத்தில், பால்காகோச்சா என்னும் ஏரி உண்டு. பனி உருகி வரும் நீரே அவ்வேரியை நிரப்புகின்றது. 1941 ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 13 ஆம் நாள் அவ்வேரியின் கரை உடைந்தது. நீரும் சேறும் பாறையும் ஒன்றாய்ப் பாய்ந்து நகரின் ஒரு பகுதியை வாரிச் சென்றன; ஆயிரத்துக்கு மேற்பட்ட மக்கள் மாண்டனர். பின்னாளில் வடிகால் அமைத்து நீரைக் குறைத்தனர். ஆயினும், உலகின் வெப்பம் மிகுந்து பனி உருகியமையால் ஏரி மீண்டும் பெருகலாயிற்று.

அந்நகரில் வாழ்பவர் சவுல் லூசியானோ லியூயா என்பவர். நிலத்தை உழுதும், மலையேறுவார்க்கு வழிகாட்டியும் வாழ்க்கை நடத்துபவர். 'இப்பனியை உருக்கியவர் யார்?' என்னும் வினா அவர் உள்ளத்தில் எழுந்தது. நிலக்கரியும் எண்ணெயும் எரியுங்கால் வெளிப்படும் கரியமில வாயு, காற்று மண்டலத்திற் கலந்து, போர்வைபோல் நிலவுலகின் வெப்பத்தைத் தடுத்து வைக்கின்றது. இதனை மிகுதியாக வெளியிட்டவற்றுள் ஒன்று, ஜெர்மனி நாட்டின் எஸ்ஸன் நகரிலுள்ள ஆர்.டபிள்யு.இ. என்னும் மின்னாற்றல் நிறுவனம். தொழிற்புரட்சிக் காலம் முதல் உலகத் தொழில்கள் வெளியிட்ட வாயுவில் அதன் பங்கு 0.47 விழுக்காடு என்று கணக்கிட்டிருந்தனர். ஆதலின், வெள்ளத் தடுப்புப் பணிக்கு ஆகும் செலவில் அதே பங்கினை, ஏறத்தாழ 17,000 யூரோவை, அந்நிறுவனம் ஏற்றல் வேண்டும் என்று 2015 ஆம் ஆண்டில் உழவர் வழக்குத் தொடுத்தார். அவர் முழுச் செலவையும் கேட்டாரல்லர். பங்கின் அளவே கேட்டார்.

நிறுவனம் எதிர்வாதம் உரைத்தது. எண்ணற்றோர் வெளியிடும் வாயுக்கள் வானிலே ஒன்றாய்க் கலந்துவிடுகின்றன. அவற்றுள் ஒருவரை மட்டும் பிரித்துச் சுட்டுதல் இயலாது என்றது. 2016 இல் எஸ்ஸன் நீதிமன்றம் வழக்கைத் தள்ளியது. உழவர் தளர்ந்தாரல்லர், ஹாம் நகரத்து உயர்நிலை நீதிமன்றத்தில் முறையிட்டார். 2022 ஆம் ஆண்டு மே திங்களில் நீதிபதிகள் கடல் கடந்து வந்து ஏரியையும் அவர் வீட்டையும் நேரிற் கண்டனர்.

2025 ஆம் ஆண்டு மே 28 ஆம் நாள் தீர்ப்பு வெளிவந்தது. அடுத்த 30 ஆண்டுகளில் வெள்ளம் அவர் வீட்டை அடையும் வாய்ப்பு நூற்றில் ஒன்றளவே எனக் கண்டு, நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. ஆயினும், பெருமளவில் வாயுவை வெளியிடுவோர் அதனால் விளையும் தீங்கிற்குத் தம் பங்கின் அளவுக்குப் பொறுப்பாதல் கூடும் என்றும், தொலைவு மட்டுமே அப்பொறுப்பை நீக்கிவிடாது என்றும் அது கூறிற்று. உழவர் வழக்கில் தோற்றார். அவர் எடுத்துரைத்த நெறியோ நிலைபெற்றது.

இதனின்றும் நாம் அறியத்தக்கது யாது? எல்லாரும் குற்றவாளிகள் என்று கூறின், எவரும் குற்றவாளி ஆகார். ஏழையின் அடுப்புப் புகையும் ஆலையின் புகைபோக்கிப் புகையும் வானிலே கலக்கலாம், அளவிலே ஒன்றாகா. மேலும், வீட்டில் விளக்கேற்றுபவன் அம்மின்சாரம் நிலக்கரியால் வருவதோ காற்றால் வருவதோ என்பதைத் தான் ஒருவனாகவே முடிவு செய்தல் அரிது. அதனை முடிவு செய்வன நிறுவனங்களும் அரசுகளுமே. ஆகவே, விளக்கை அணைக்குமாறு குடிமக்களுக்கு அறிவுரை கூறிவிட்டு, உலையை அணையாதிருத்தல் முறையன்று.

அவ்வாறாயின் தனி மனிதனுக்குக் கடமை இல்லையோ? உண்டு. பெரியவன் பிழை சிறியவனுக்குச் சாக்காகாது. வீணே எரியும் விளக்கை அணைத்தலும், தேவைக்கு மேல் நுகராதிருத்தலும் அவன் பங்கு. செல்வம் மிக்கு மிகுதியாக நுகர்பவனுக்கு அப்பங்கும் மிகுதியாம். அதனினும் சிறந்த கடமை ஒன்று உண்டு: பெரும்பங்கு உடையோரை நோக்கி, 'உங்கள் பங்கு எங்கே?' என்று அஞ்சாது வினவுதல். தொலைதூர மலைநாட்டு உழவர் ஒருவர் செய்தது அதுவே. தன் பங்கைத் தான் செய்தவன் கேட்கும் வினாவிற்கே வலிமை மிகுதி என்பதை மாணவர் உளங்கொள்வாராக.