மாவுப்பூச்சியை வென்ற குளவி

நுழையும்முன்
பயிரைப் பூச்சி தாக்கினால் நஞ்சு தெளிப்பதே பலரும் அறிந்த வழி. பூச்சியின் தாயகத்தையும் வாழ்க்கைமுறையையும் ஆராய்ந்து, அதன் இயற்கை எதிரியைக் கொண்டே அதனை அடக்குவது மற்றொரு வழி. இவ்விரு வழிகளையும் கொங்கு மண்டலம் கண்ட வரலாற்றை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

அழையா விருந்தாளி
2008ஆம் ஆண்டு கோயம்புத்தூர்ப் பகுதிப் பப்பாளிச் செடிகளில் வெண்மாவு படிந்தாற்போன்ற பூச்சிகள் காணப்பட்டன. அவை மெக்சிகோவையும் நடு அமெரிக்காவையும் தாயகமாகக் கொண்ட பப்பாளி மாவுப்பூச்சிகள். இந்தியாவில் அவை முதன்முதலாகப் பதிவு செய்யப்பட்டது இங்கேதான். அவை சாற்றை உறிஞ்சியதால் இலைகள் சுருங்கின. அவை கழித்த இனிப்பு நீரின்மேல் கரும்பூசணம் படர்ந்தது. மரவள்ளி, பருத்தி, மல்பெரி எனப் பிற பயிர்களுக்கும் அவை பரவின.

நஞ்சு தோற்ற இடம்
பூச்சியின் உடலை மூடிய மெழுகுப் படலம் மருந்தைத் தடுத்தது. தப்பியவை மீண்டும் பெருகின. மாவுப்பூச்சியை உண்ணும் பொறிவண்டு முதலியனவோ நஞ்சுக்கு இரையாயின. மல்பெரி உழவரின் நிலை இன்னும் கடினம். மருந்து படிந்த இலையைத் தின்றால் பட்டுப்புழு மடியும். மருந்து தெளிக்காவிடில் இலையே கிடைக்காது.

தாயகத்தில் இவ்வாறு பெருகாத பூச்சி இங்கு மட்டும் பெருகியது ஏன்? அங்கு அதனைக் கட்டுப்படுத்தும் ஒட்டுண்ணிக் குளவிகள் இருந்தன. இங்கு அவை இல்லை. இவ்விடையே தீர்வுக்கு வழிகாட்டியது.

குளவியின் வருகை
பெங்களூருவிலுள்ள வேளாண் முக்கியத்துவப் பூச்சிகளுக்கான தேசியப் பணியகம், 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூவகைக் குளவிகளைத் தருவித்தது. நன்மை செய்யும் பிற பூச்சிகளை அவை தாக்குமா எனத் தனிமைக் கூடத்தில் ஆராய்ந்த பின்னரே வெளியில் விட ஒப்புதல் கிடைத்தது. அவ்வாண்டு அக்டோபரில் கோவையில் அவை விடப்பட்டன. முளைவிட்ட உருளைக்கிழங்கில் மாவுப்பூச்சியை வளர்த்து, அதன்மேல் குளவிகளைப் பெருக்கும் பணியில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் ஈடுபட்டது.

அவற்றுள் சிறந்து விளங்கியது அசெரோபேகஸ் பப்பாயே. ஒரு மில்லிமீட்டரினும் சிறிய இக்குளவி, மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிடும். புழு உள்ளிருந்தே உண்டு வளரும். மாவுப்பூச்சி உலர்ந்த கூடாகும். அதனைத் துளைத்துப் புதிய குளவி வெளிவரும். குளவி விட்ட தோட்டங்களில் நஞ்சு தெளிக்கலாகாது என உழவர்க்கு அறிவுறுத்தப்பட்டது. சில மாதங்களிலேயே மாவுப்பூச்சி தணிந்தது. மல்பெரித் தோட்டங்கள் மீண்டும் தழைத்தன.

ஓர் உயிரைப் புதிய நிலத்திற்குக் கொண்டுவருவது எளிய செயலன்று. ஆராயாமல் கொணர்ந்தால் நண்பனே பகையாகலாம். எனவே பொறுமையான ஆய்வும் உழவரின் ஒத்துழைப்பும் இணைந்த இடத்திலேதான் இவ்வெற்றி விளைந்தது.

தெரிந்து தெளிவோம்
கலிபோர்னியாவின் ஆரஞ்சுத் தோப்புகளை அழித்த செதில்பூச்சியை அடக்க, 1888இல் ஆஸ்திரேலியாவிலிருந்து வெடாலியா என்னும் பொறிவண்டு கொண்டு செல்லப்பட்டது. பின்னர் நீலகிரியிலும் அவ்வண்டு பயன்படுத்தப்பட்டது.

கற்பவை கற்றபின்
1. உங்கள் பகுதி உழவர் ஒருவரைச் சந்தித்து, பயிருக்கு நன்மை செய்யும் பூச்சிகளின் பட்டியலை உருவாக்குக.
2. ‘பூச்சிகள் அனைத்தும் பகையல்ல’ என்னும் தலைப்பில் வகுப்பில் உரையாற்றுக.