வலை வழங்கியும் கோப்பு அனுமதியும்

லினக்ஸ் கணிப்பொறியில் அப்பாச்சி என்னும் வலை வழங்கியை நிறுவி, தாம் எழுதிய பக்கத்தை முதன்முதலாகத் திரையில் காண விழையும் மாணவர் பலர், பக்கத்திற்குப் பதிலாக '403 ஃபர்பிடன்' என்னும் சொற்களையே காண்கின்றனர். கோப்பே இல்லையெனில் வருவது 404. 403 என்பது பெரும்பாலும் அனுமதி இன்மையைக் குறிக்கும்.

இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் மருந்து '777 கொடுத்துவிடு' என்பதாகும். நானும் ஒருமுறை என் வீட்டுக் கோப்புறை முழுமைக்கும் அவ்வாறே கொடுத்தேன். பக்கம் வந்துவிட்டது. ஆனால் மறுநாள் வெளியிலிருந்து எஸ்எஸ்எச் வழியாக நுழைய முயன்றபோது, அதுவரை ஏற்றுக்கொண்ட என் சாவிக்கோப்பை அக்கணிப்பொறி ஏற்க மறுத்தது! வீட்டுக் கோப்புறையில் யாரும் எழுதலாம் என்றிருந்தால், அங்குள்ள சாவியை நம்புவதற்கில்லை என்பது எஸ்எஸ்எச்சின் விதி. அதன் பிறகே அந்த எண்களின் பொருளைத் தேடிப் படித்தேன்.

லினக்ஸின் முன்னோடியான யூனிக்ஸ், 1969ஆம் ஆண்டு அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சன், டென்னிஸ் ரிட்சி ஆகியோரின் முயற்சியால் தோன்றியது. பலர் ஒரே கணிப்பொறியைப் பகிர்ந்துகொண்ட காலம் அது. ஒருவர் கோப்பில் மற்றவர் கைவைக்காதிருக்க ஓர் ஏற்பாடு தேவைப்பட்டது. 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் உருவாக்கிய லினக்ஸிலும் அவ்வேற்பாடே நிலவுகிறது.

உரிமையாளர், குழுவினர், ஏனையோர் என மூவகையினர். படிக்க 4, எழுத 2, இயக்க 1. இவற்றைக் கூட்டி வகைக்கு ஓர் எண் வைப்பர். 644 என்றால் உரிமையாளர் படிக்கலாம், எழுதலாம். மற்றவர் படிக்க மட்டும் செய்யலாம். 777 என்றால் எவரும் எதுவும் செய்யலாம்.

கோப்புறையில்தான் பலரும் இடறுகின்றனர். கோப்புறைக்கு 1 என்பது இயக்குவதன்று. அதனூடே கடந்து செல்லும் உரிமை. வழங்கியோ நம் பெயரில் இயங்குவதில்லை. உபுண்டுவில் அதற்கெனத் தனிப் பயனர் கணக்கு உண்டு; ஆகவே நம் கோப்புகளுக்கு அது 'ஏனையோர்' வகையைச் சேரும். 2021இல் வந்த உபுண்டு 21.04 முதல், புதிய பயனரின் வீட்டுக் கோப்புறைக்கு 750 என்பதே இயல்பான அனுமதி. அதனுள் இருக்கும் பக்கத்திற்கு 777 கொடுத்தாலும், வாசலிலேயே வழங்கி நின்றுவிடும். பாதையில் உள்ள ஒவ்வொரு கோப்புறையும் வழிவிட வேண்டும். அப்பாச்சியின் பிழைப்பதிவேடு இதைத் தெளிவாகவே கூறுகிறது. நாம்தான் அதைத் திறந்து பார்ப்பதில்லை. 'நேம்ஐ' என்னும் கட்டளையை 'எல்' குறியுடன் கொடுத்தால், பாதையின் ஒவ்வொரு படிக்கும் உரிய அனுமதி வரிசையாகத் தோன்றும். தடை எங்கே என்பது ஒரு பார்வையில் விளங்கிவிடும்.

777இன் தீங்கு எஸ்எஸ்எச்சோடு முடிவதில்லை. ஒரு கோப்பை அழிக்க அக்கோப்பின் அனுமதி தேவையில்லை. அது இருக்கும் கோப்புறையில் எழுதும் உரிமை போதும். நம் நிரலில் உள்ள குறையைப் பயன்படுத்தி ஓர் அந்நியர் வழங்கியின் பெயரில் நுழைந்துவிட்டால், 644இல் அவரால் நம் பக்கத்தைப் படிக்க மட்டுமே இயலும். 777இலோ அதை மாற்றி எழுதவும், தம் நிரலை அங்கே வைக்கவும் இயலும்.

ஃபெடோரா போன்றவற்றில் எண்கள் சரியாக இருந்தும் தடை வரலாம். அது எஸ்ஈலினக்ஸ் ஒட்டும் அடையாளச் சீட்டின் வேலை. வீட்டுக் கோப்புறையிலிருந்து நகர்த்திய கோப்பு பழைய சீட்டுடனேயே வரும். 'ரெஸ்டோர்கான்' கட்டளை அதைச் சரிசெய்யும். எஸ்ஈலினக்ஸையே நிறுத்திவிடுவோரும் உண்டு. அதுவும் 777 கொடுப்பதைப் போன்றதே.

கொடுத்த 777ஐத் திரும்பப் பெறுவது எளிதாக இல்லை. எல்லாவற்றிற்கும் ஒரே எண் தரலாகாது. கோப்புறைகளையும் கோப்புகளையும் 'ஃபைண்டு' கட்டளையால் பிரித்தெடுக்க வேண்டும். பக்கங்களை வலை வழங்கிக்குரிய இடத்திற்கு நகர்த்தி, கோப்புறைகளுக்கு 755, கோப்புகளுக்கு 644 என அமைத்தேன். தரவுத்தளக் கடவுச்சொல் உள்ள கோப்பை மட்டும் வழங்கியின் குழுவில் சேர்த்து 640 ஆக்கினேன். வீட்டுக் கோப்புறை மீண்டும் 750 ஆயிற்று. எஸ்எஸ்எச் என் சாவியை ஏற்றுக்கொண்டது, பக்கமும் வந்தது.