பழைய புகைக்குழாய்களின் பிறப்பிடம் அறிதல்

அகழாய்வுக் குழிகளிலும், பழைய கட்டடங்களின் அடித்தளங்களிலும் சில வேளைகளில் வெண்ணிறமான சிறு மண்குழாய்த் துண்டுகள் கிடைக்கின்றன. பள்ளிக்கூடத்துச் சாக்கட்டியை ஒத்த இத்துண்டுகளைப் பயனற்றவை எனப் பணியாளர் எறிந்துவிடக்கூடும். ஆனால் நாணயமோ கல்வெட்டோ கிட்டாத ஓர் அடுக்கின் காலத்தை அறிய இவையே துணைபுரியலாம். ஆதலின் புகைக்குழாய், அதாவது சுங்கான், எங்கு, எப்பொழுது செய்யப்பட்டது என்பதை அறியும் முறை கள ஊழியர்க்கும் ஆசிரியர்க்கும் தெரிந்திருத்தல் நலம்.

புகையிலையின் தாயகம் அமெரிக்கக் கண்டம். முகலாயர் அவைக்கு அதனை பீஜப்பூரிலிருந்து ஆசாத் பேக் என்பார் கொணர்ந்தது 1604-ஆம் ஆண்டையொட்டியாகும். 1617-இல் ஜஹாங்கீர் அதனைத் தடை செய்தார். எனவே, அதற்குப் பல நூற்றாண்டுகள் முற்பட்ட அடுக்கில் குழாய் வடிவப் பொருள் ஒன்று கிடைப்பின், அது வேறு பயனுக்குரியதாக இருத்தல் வேண்டும். அன்றி, எலி வளை அல்லது பிற்காலக் குழியின் வழியே மேலிருந்து இறங்கியதாக இருத்தல் வேண்டும். இவ்விரண்டையும் ஆராயாது, புகையிலைப் பழக்கம் தொன்மையானது என முடிவு செய்தல் தவறாகும்.

1. செய்பொருள்

முதலில் நோக்க வேண்டியது செய்பொருளாகும். வெள்ளைக் களிமண்ணால் கிண்ணமும் தண்டும் ஒன்றாகச் செய்யப்பட்டிருப்பின், அது பெரும்பாலும் இங்கிலாந்து, ஹாலந்து முதலிய மேற்கு ஐரோப்பிய நாடுகளுக்குரியது. செம்மண் கிண்ணம் தனியாகவும், அதில் மரத்தண்டு செருகுதற்குரிய அகன்ற துளையுடனும் இருப்பின், அது துருக்கிய முறையைச் சார்ந்தது. இஸ்தான்புல் நகரின் தொப்ஹானே பகுதி இவ்வகைக்குப் பெயர் பெற்றது. மிகச் சிறிய உலோகக் கிண்ணமும் மூங்கில் தண்டும் ஜப்பானின் கிசேரு வகையைக் காட்டும். சிவந்த மென்கல்லில் செதுக்கப்பட்டவை வட அமெரிக்கப் பழங்குடியினரின் வேலையாக இருக்கலாம். அக்கல் மின்னசோட்டா மாநிலத்துப் பைப்ஸ்டோன் என்னுமிடத்தில் இன்றும் வெட்டப்படுகிறது.

மீர்ஷாம் எனப்படும் வெண்மையான இலேசான கனிமம் துருக்கியிலுள்ள எஸ்கிஷெஹிர் பகுதியில் மிகுதியாகக் கிடைக்கிறது. உலர்ந்த நிலையில் அது நீரில் மிதக்கும். புகைக்கப் புகைக்கப் பழுப்பு நிறம் பெறும். ஆனால் கனிமத்தின் இடம் வேறு, செதுக்கிய இடம் வேறு. வியன்னா நகரக் கைவினைஞர் பலர் துருக்கிக் கனிமத்தையே செதுக்கினர். மத்தியதரைக்கடல் நாடுகளில் வளரும் பிரையர் செடியின் வேர்முண்டினாலான குழாய்கள் 19-ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்தே பரவின. கடின ரப்பர் வாய்முனையும் அக்காலத்திற்கு முற்பட்டதாக இராது.

2. வடிவமும் முத்திரையும்

ஆங்கில மண்குழாயின் தொடக்கக் காலக் கிண்ணம் மிகச் சிறியது. அன்று புகையிலையின் விலை அதிகம். விலை இறங்க இறங்கக் கிண்ணம் பெரிதாயிற்று. கிண்ணத்தின் அடியில் தட்டையான குதிகாலோ கூரிய முள்ளோ காணப்படும். செய்தவரின் அடையாளம் பெரும்பாலும் அங்கேயே பொறிக்கப்பட்டிருக்கும். ஹாலந்து நாட்டுக் கௌடா நகரக் குழாய்களின் குதிகால் பக்கத்தில், 1740-ஆம் ஆண்டையொட்டிய காலத்திலிருந்து அந்நகரின் கேடயச் சின்னமும் இடம்பெறலாயிற்று.

எனினும் முத்திரை ஒன்றையே நம்புதல் கூடாது. புகழ்பெற்ற கௌடா முத்திரைகளைப் பிற ஊரார் போலியாகப் பொறித்ததுண்டு. அவ்வாறே, மரக்குழாயிலுள்ள வெள்ளிப் பூணின் முத்திரை அப்பூணின் ஊரையும் ஆண்டையும் மட்டுமே கூறும். பழுது பார்க்கையில் பூண் பின்னர் இடப்பட்டிருக்கலாம்.

3. தண்டின் துளையளவு

முத்திரையற்ற தண்டுத் துண்டுகளே மிகுதியாகக் கிடைப்பவை. இவற்றின் பயனை அமெரிக்க ஆராய்ச்சியாளர் ஹாரிங்டன் 1954-இல் எடுத்துக்காட்டினார். காலமறிந்த சுமார் 330 குழாய்களை அளந்து, காலம் செல்லச்செல்லத் துளை சிறுத்துவந்ததை அவர் கண்டார். தண்டு நீளமாக நீளமாக, துளையிடும் கம்பி மெல்லியதாக வேண்டியிருந்ததே இதன் காரணம் எனக் கருதப்படுகிறது. அளவுகள் அங்குலத்தின் 64-இல் ஒரு பங்காகக் கூறப்படும். அப்பங்கு ஏறத்தாழ 0.4 மில்லிமீட்டர்.

8/64 அங்குலம்: 1620 – 1650
7/64 அங்குலம்: 1650 – 1680
6/64 அங்குலம்: 1680 – 1710
5/64 அங்குலம்: 1710 – 1750
4/64 அங்குலம்: 1750 – 1800

பல்வேறு பருமனுள்ள துரப்பண அலகுகளின் வழவழப்பான அடிமுனையைத் துளையில் செருகிப் பார்த்து அளவறியலாம். 1960-களின் தொடக்கத்தில் பின்ஃபோர்டு இதனை ஒரு சூத்திரமாக அமைத்தார்: 64-இன் பங்குகளில் கூறிய சராசரித் துளையளவை 38.26 ஆல் பெருக்கி, 1931.85 இலிருந்து கழித்தால் நடு ஆண்டு கிடைக்கும்.

எடுத்துக்காட்டாக, ஓர் அடுக்கில் 20 துண்டுகள் உள்ளன என்க. அவற்றுள் 7 பங்குத் துளையுடையவை 4, 6 பங்குடையவை 10, 5 பங்குடையவை 6. மொத்தம் 28 + 60 + 30 = 118; சராசரி 5.9. இதனை 38.26 ஆல் பெருக்க 225.73, எனவே நடு ஆண்டு ஏறத்தாழ 1706 ஆகும்.

இம்முறைக்கு வரம்புகள் உண்டு. இது ஆங்கிலக் குழாய்களுக்கு உரியது. டச்சுக் குழாய்கள் கலந்திருப்பின் விடை பிழைபடும். 1780-க்குப் பிற்பட்டவற்றிற்குப் பொருந்தாது. ஒன்றிரண்டு துண்டுகளைக் கொண்டு கணக்கிடுதலும் ஏற்றதன்று.

4. மண்குழாயின் தனிச்சிறப்பு

மண்குழாய் மலிவானது, எளிதில் உடைவது, உடைந்ததும் எறியப்படுவது. எனவே செய்த காலத்திற்கும் மண்ணில் புதைந்த காலத்திற்கும் இடைவெளி குறைவு. பிதிரி வேலைப்பாடமைந்த ஹுக்காவோ, மீர்ஷாம் குழாயோ தந்தையிடமிருந்து மகனுக்கெனத் தலைமுறைகள் பல கைமாறும். அத்தகைய பொருள், அடுக்கு எந்த ஆண்டிற்கு முற்பட்டதாக இருக்கவியலாது என்பதை மட்டுமே காட்டும். சூரத், பழவேற்காடு போன்று 17-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியர் வணிகச் சாவடிகள் அமைத்த இடங்களில் பணியாற்றுவோர் இவ்வேறுபாட்டை மனத்திற்கொள்ளுதல் வேண்டும்.

5. கள ஊழியர் கவனத்திற்கு

துண்டை எடுக்குமுன் அது கிடந்த அடுக்கையும் ஆழத்தையும் குறித்தல் வேண்டும். அடுக்கு தெரியாத நூறு துண்டுகளைவிட, அடுக்கு தெரிந்த பத்துத் துண்டுகள் மதிப்புடையவை. கிண்ணத்தினுள் படிந்துள்ள கரியைச் சுரண்டலாகாது. அது இரசாயன ஆய்வுக்கு உதவும். 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறாண்டுகளுக்குக் குறையாத தொன்மையுடைய கலை, கைவினைப் பொருள்கள் தொல்பொருள்களாகக் கருதப்படுவதால், கிடைத்தவற்றை உரிய அலுவலரிடம் ஒப்படைத்தல் முறையாகும்.

பயிற்சி

(1) 12 தண்டுத் துண்டுகளில் 3 துண்டுகள் 8 பங்குத் துளையும், 9 துண்டுகள் 7 பங்குத் துளையும் உடையன. நடு ஆண்டைக் காண்க. (விடை: ஏறத்தாழ 1654.)

(2) 1702-ஆம் ஆண்டு நாணயம் கிடைத்த அதே அடுக்கில் பிரையர் குழாய் ஒன்றும் கிடைப்பின், அவ்வடுக்கைப்பற்றி என்ன முடிவிற்கு வரலாம்? காரணம் தருக.