மூன்று கல் அடுப்பு



"அரசும் தொழிலதிபர்களும் பொதுமக்களும் ஒத்துழைத்தால் நாடு முன்னேறும்" என்று மேடையில் பலர் பேசிக் கேட்டிருக்கிறோம். கேட்க நல்லாத்தான் இருக்கு. நடைமுறையில் எப்படி நடக்கும்? அதற்கான பாடம் நம் பக்கத்திலேயே இருக்கிறது.

திருமுடிவாக்கத்திலிருந்து பம்மல் வழியாகப் போனால் நாகல்கேணி, குரோம்பேட்டை. குரோம் லெதர் கம்பெனியால்தான் குரோம்பேட்டைக்கு அந்தப் பெயரே வந்தது. தோல் பதனிட உப்பு, சுண்ணாம்பு, குரோமியம் எல்லாம் வேண்டும். ஒரு கிலோ தோலுக்குச் சுமார் 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்கிறது உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. அந்தக் கழிவுநீர் அப்படியே வெளியே போனால் கிணறு என்ன ஆகும்? திண்டுக்கல் பக்கம் 13 கிராமங்களில் ஒரு தொண்டு நிறுவனம் கணக்கெடுத்தபோது, 467 கிணறுகளில் 350 கெட்டுப்போயிருந்தன.

சுத்திகரிப்பு நிலையம் கட்டுங்கள் என்று மாசு கட்டுப்பாட்டு வாரியம் பத்து வருடமாகச் சொல்லிப் பார்த்தது. பலர் அசையவில்லை. சின்ன முதலாளியால் தனியாகக் கட்டவும் முடியாது. 1991-ல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றம் போனது. 28.8.1996 அன்று நீதிபதி குல்தீப் சிங் அமர்வு தீர்ப்புச் சொன்னது: மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும், ஒவ்வொரு தோல் தொழிற்சாலைக்கும் 10,000 ரூபாய் அபராதம், சுத்திகரிப்பு வசதி இல்லாவிட்டால் மூடல். பல்லாவரமும் குரோம்பேட்டையும் அப்போது இருந்த செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டமும் அந்த வழக்கில் அடங்கியது.

அதற்கு வழி, கூட்டுச் சுத்திகரிப்பு நிலையம். முதலாளிகள் சேர்ந்து ஒரு கம்பெனி தொடங்குவார்கள். மத்திய, மாநில அரசுகள் மானியம் தரும். மீதி முதலாளிகளின் பங்கு, வங்கிக் கடன். பல தொழிற்சாலைகளின் கழிவுநீர் குழாய் வழியாக ஒரே இடத்துக்கு வரும். முதலில் ரசாயனம் கலந்து கசடைப் படிய வைப்பார்கள். பிறகு காற்று செலுத்தி நுண்ணுயிர்களால் சுத்தம் செய்வார்கள். உப்பு மட்டும் இதில் போகாது, அதற்கு ஆர்.ஓ. வேண்டும். பல்லாவரம் தோல் தொழிலுக்கும் இப்படி ஒரு நிலையம் வந்தது.

இதில் யார் பெரியவர்? எங்க வீட்டில் அம்மா மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டுவார். ஒரு கல் குறைந்தால் பானை சாயும். மூன்றும் ஒட்டிக்கொண்டாலும் நெருப்புக்கு இடமிருக்காது. அதுபோல, சட்டமும் மானியமும் அரசின் வேலை. பணம் போட்டுத் தினமும் நிலையத்தை ஓட்டுவது முதலாளியின் வேலை. விடாமல் கேள்வி கேட்பது மக்களின் வேலை. அதிகாரியும் முதலாளியும் கைகோத்துக்கொண்டு மக்களை மறந்தால் அது ஒத்துழைப்பு ஆகாது.

எங்கப்பா ஒரு சின்ன கம்பெனியில் ஹெல்பர். கம்பெனியை மூடினால் எங்களுக்குச் சோறில்லை. கழிவைத் திறந்துவிட்டால் தெருவுக்கே தண்ணீரில்லை. அதனால் "மூடு" என்றும் என்னால் சொல்ல முடியாது, "விடு" என்றும் சொல்ல முடியாது. "சரியாக ஓட்டு" என்றுதான் சொல்வேன்.

நண்பர்களே! நாளைக்கு சிட்கோ கம்பெனிகளில் சூப்பர்வைசராக நிற்கப்போவது நாம்தான். கரண்ட் பில்லை மிச்சம் பிடிக்க ராத்திரி மோட்டாரை நிறுத்தச் சொல்வார்கள்; ஓடியதாகப் பதிவேட்டில் எழுதச் சொல்வார்கள். அந்தப் பேனா நம் கையில்தான் இருக்கும். உள்ளதை உள்ளபடி எழுதுவோம்!