கழிவுத் தொட்டியும் ஊராட்சியின் பொறுப்பும்

கிராமங்களில் கழிப்பறை இல்லாத வீடுகள் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றன. 2014ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் தொடங்கப்பெற்ற தூய்மை இந்தியா இயக்கமும், அதற்கு முன்னர் நடைபெற்ற சுகாதாரத் திட்டங்களும் இதற்குப் பெருந்துணை புரிந்துள்ளன. ஆயினும், கழிப்பறை கட்டி முடித்தவுடன் ஊரின் சுகாதாரம் நிறைவெய்திவிட்டதாகக் கொள்ளலாகாது. கழிவு எங்கே தங்குகிறது? நிறைந்தபின் அதை எடுப்பவர் யார்? எடுத்ததைக் கொண்டுபோய்க் கொட்டும் இடம் எது? இம்மூன்று வினாக்களுக்கும் ஊராட்சியிடம் விடை இருத்தல் வேண்டும்.

இவற்றைப் பற்றிய அரசு விதிகள் கடந்த சில ஆண்டுகளில் பெரிதும் மாறியுள்ளன. அவ்விதிகளை அறிந்துகொள்வதும், கிராமங்களைப் பொறுத்தவரை இன்னும் நிரப்ப வேண்டிய இடைவெளி எது என்று காண்பதும் இப்பாடத்தின் நோக்கங்களாகும்.

தொட்டிக்குள் நிகழ்வது என்ன?

நாம் 'செப்டிக் டேங்க்' என்று வழங்கும் தொட்டி, நீர் கசியாத ஓர் அறையாகும். இங்கிலாந்தில் எக்ஸிடர் நகரின் பொறியாளராயிருந்த டொனால்டு கேமரன் 1890களில் இம்முறையைப் பரப்பினார். கழிவு இதனுள் ஒரு நாள் முதல் இரண்டு நாள் வரை அசையாமல் தங்குகிறது. கனமான பகுதி கசடாக அடியில் படிகிறது. எண்ணெய்ப் பசையுள்ள பகுதி ஏடுபோல் மேலே மிதக்கிறது. காற்றில்லாத இடத்தில் வாழும் நுண்ணுயிர்கள் கசடைச் சிறிது சிறிதாகச் சிதைக்கின்றன. இடைப்பட்ட தெளிந்த நீர் மட்டும் மறுபுறக் குழாய் வழியே உறிஞ்சுகுழிக்குச் செல்கிறது.

இங்கே இரு செய்திகளை மனத்தில் இருத்த வேண்டும். முதலாவது, வெளியேறும் நீர் தெளிவாகத் தோன்றினாலும் அதில் நோய்க்கிருமிகள் உண்டு. அதனைத் தெருக்கால்வாயில் விடுவது, கழிவையே தெருவில் விடுவதற்கு ஒப்பாகும். இரண்டாவது, கசடு முழுவதும் சிதைந்து மறைவதில்லை. ஆண்டுதோறும் உயர்ந்துகொண்டே வரும். உரிய காலத்தில் எடுக்காவிட்டால் நீர் தங்கும் இடம் குறைந்து, கசடே வெளியேறி உறிஞ்சுகுழியை அடைத்துவிடும். ஆதலால் "எங்கள் வீட்டுத் தொட்டியை இருபது ஆண்டுகளாக எடுக்கவே இல்லை" என்று ஒருவர் பெருமையாகச் சொன்னால், ஒன்று அத்தொட்டிக்கு அடித்தளம் இல்லை, அல்லது அதன் கழிவு வேறெங்கோ போய்க்கொண்டிருக்கிறது என்று அறிதல் வேண்டும்.

அளவும் அமைப்பும்

இந்தியத் தர நிறுவனத்தின் 2470ஆம் எண் விதித்தொகுப்பு (1985ஆம் ஆண்டுப் பதிப்பு) இத்தொட்டிகளின் அளவை வரையறுக்கிறது. இரண்டாண்டுக்கு ஒருமுறை கசடு எடுப்பதாகக் கொண்டால், ஐந்து பேர் உள்ள வீட்டிற்கு நீளம் 1.5 மீட்டர், அகலம் 0.75 மீட்டர், நீரின் ஆழம் 1.05 மீட்டர் போதும். இவற்றைப் பெருக்கினால் ஏறத்தாழ 1,180 லிட்டர் ஆகும். பத்துப் பேருக்கு நீளம் 2 மீட்டர், அகலம் 0.9 மீட்டர், ஆழம் 1.4 மீட்டர்; அதாவது 2,520 லிட்டர். 2,000 லிட்டருக்கு மேற்பட்ட தொட்டியை இடைச்சுவரால் இரண்டாகப் பிரித்தல் வேண்டும். உறிஞ்சுகுழி குடிநீர்க் கிணற்றிலிருந்து 18 மீட்டருக்குக் குறையாத தொலைவில் அமைதல் வேண்டும்.

கிராமங்களில் நாம் காண்பது பெரும்பாலும் வேறாக உள்ளது. சிமெண்டு உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கி, அடியைத் திறந்தபடி விட்டு, அதற்கே செப்டிக் டேங்க் என்று பெயரிடுகின்றனர். பெரிதாய்க் கட்டினால் நல்லது என்ற எண்ணமும் பரவியுள்ளது. மூடியின்மேல் தளக்கல் பதித்துத் திறக்க வழியில்லாமல் செய்துவிடுவோரும் உளர். இவை யாவும் அறியாமையால் நேர்வனவே. கொத்தனாருக்கும் வீட்டுக்காரருக்கும் சரியான அளவை எடுத்துச் சொல்பவர் இருந்தால், பல வீடுகளில் செலவு குறையவும் கூடும்.

காஞ்சிபுரத்தின் நிலை

காஞ்சிபுரம் பட்டு நெசவுக்கும் கோயில்களுக்கும் பெயர் பெற்ற ஊர். 2021ஆம் ஆண்டில் நகராட்சி மாநகராட்சியாக உயர்த்தப்பெற்றது. நகரில் பாதாளச் சாக்கடை இருப்பினும், சுற்றியுள்ள கிராமங்கள் தொட்டிகளையே நம்பியுள்ளன. வேகவதி ஆறு நகரை ஒட்டிப் பாய்ந்து பாலாற்றில் கலக்கிறது. நகரின் நடுவே செல்லும் மஞ்சள் நீர்க் கால்வாய் மழைநீரோடு கழிவுநீரையும் சுமந்து நத்தப்பேட்டை ஏரிக்குக் கொண்டு சேர்த்து வந்தது பல ஆண்டுக்கால முறையீடாகும். நகரின் குடிநீருக்கு ஓரிக்கை முதலிய இடங்களில் பாலாற்றுப் படுகையே ஆதாரம். ஆற்றை அடுத்த மணற்பாங்கான நிலத்தில் நீர் விரைந்து ஊடுருவும். கழிவும் அவ்வாறே ஊடுருவும் என்பதை மறக்கலாகாது.

நெசவாளர் வீடுகளுக்கு இதில் தனிக் கவலை உண்டு. அவ்வீடுகள் ஒன்றையொன்று ஒட்டி, முகப்புக் குறுகி, உள்ளே நீண்டு செல்வன. முன்கட்டில் குழித்தறி, பின்கட்டில் கிணறும் கழிப்பறையும். இவ்வளவு சிறிய மனையில் கிணற்றுக்கும் உறிஞ்சுகுழிக்கும் இடையே 18 மீட்டர் விடுவது எளிதன்று. மழைக்காலத்தில் நிலத்தடி நீர் உயர்ந்து தறிக்குழியில் ஊறினால் தொழிலே நின்றுவிடும். அந்நீரில் கழிவும் கலந்திருந்தால் நோயும் சேர்ந்து வரும். மேலும், பட்டு நூலின் பசையை நீக்கும் சோப்பு, சோடா நீரையும் சாய நீரையும் இத்தொட்டியில் விடவே கூடாது. கசடைச் சிதைக்கும் நுண்ணுயிர்களை அவை அழித்துவிடும்.

கோயில் நகருக்கு மற்றொரு சோதனையும் உண்டு. 2019ஆம் ஆண்டு ஜூலை 1 முதல் 48 நாட்கள் அத்திவரதர் எழுந்தருளியபோது இலட்சக்கணக்கானோர் வந்து சென்றனர். பத்துப் பேருக்கெனக் கட்டிய தொட்டியுள்ள வீட்டைத் தங்கும் விடுதியாக்கி ஐம்பது பேரை வைத்தால், கழிவு ஒரு நாளும் தங்காமல் அப்படியே வெளியேறும். அது சென்று சேரும் இடம் அண்டைக் கிராமத்தின் கால்வாயோ ஏரியோ ஆகும்.

விதிகள் வந்த வழி

முன்னாளில் விதி என்பது கட்டட அனுமதியோடு முடிந்தது. வரைபடத்தில் தொட்டி காட்டப்பட்டிருந்தால் போதும். பின்னர் அதைப்பற்றிக் கேட்பவர் இல்லை. 2014ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு மலக்கசடு மேலாண்மைக்கான செயல்முறை வழிகாட்டுதல்களை வெளியிட்டது. தொட்டியின் அமைப்பு, கசடு எடுத்தல், ஊர்தியில் கொண்டு செல்லுதல், சுத்திகரித்தல் ஆகிய நான்கையும் ஒரே சங்கிலியாக அது நோக்கியது. 2017ஆம் ஆண்டில் மைய அரசும் இதற்கென ஒரு தேசியக் கொள்கையை வெளியிட்டது. 2022ஆம் ஆண்டில் செய்யப்பட்ட சட்டத் திருத்தத்தால், நகர்ப்புற உள்ளாட்சிகளில் கழிவு எடுக்கும் ஊர்திகள் உரிமம் பெறுவது கட்டாயமாயிற்று.

சுத்திகரிப்புக்கு நல்ல எடுத்துக்காட்டு நமக்கு அருகிலேயே உள்ளது. மதுராந்தகத்தை அடுத்த கருங்குழிப் பேரூராட்சியில் 2017ஆம் ஆண்டில் மலக்கசடு சுத்திகரிப்பு நிலையம் தொடங்கப்பெற்றது. அப்பகுதி அன்று காஞ்சிபுரம் மாவட்டத்தைச் சேர்ந்தது. இன்று செங்கற்பட்டு மாவட்டத்தில் உள்ளது. நாளொன்றுக்கு 23,000 லிட்டர் கசடைக் கையாளும் திறனுடைய அந்நிலையம், இவ்வகையில் தமிழ்நாட்டின் முதலாவதாகும். சிற்றூர்களும் ஒன்றுகூடி ஒரு நிலையத்தைப் பயன்படுத்தலாம் என்பதற்கு அது வழிகாட்டியது.

எனினும், இவ்விதிகளின் எடை நகரங்களின் மீதே விழுந்துள்ளது. நகர எல்லையில் கண்காணிப்பு மிகுந்தால், ஒழுங்கற்ற லாரி எல்லையைத் தாண்டி நம் கிராம ஓடையைத் தேடி வரும். மற்றோர் இடைவெளியும் உண்டு. 2024ஆம் ஆண்டு ஜூலை முதல், 2,500 சதுர அடிக்கு மேற்படாத மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்டுவோர் சுயசான்று அளித்து உடனே அனுமதி பெறலாம். எளிய மக்களுக்கு இது பெரும் வசதியே. ஆனால் வரைபடத்திலுள்ள தொட்டியும் மண்ணுக்குள் உள்ள தொட்டியும் ஒன்றுதானா என்று பார்க்கும் பொறுப்பை எவரேனும் ஏற்றாக வேண்டும்.

ஜப்பான் நாட்டைப் பாருங்கள். அங்கு வீட்டுக் கழிவுநீர்த் தொட்டிகளுக்கு 'ஜோகாசோ' என்று பெயர். அவற்றிற்கென 1983ஆம் ஆண்டில் தனிச்சட்டம் இயற்றினர். தொட்டியை நிறுவுவதோடு நில்லாமல், ஆண்டுதோறும் சோதனையும் கசடு எடுத்தலும் கட்டாயமென்று அச்சட்டம் கூறுகிறது. விதியானது தொட்டி மூடப்படும் நாளோடு முடியாமல், தொட்டி உள்ளவரை அதனைத் தொடர வேண்டும் என்பதே நாம் இதிலிருந்து பெறும் பாடம்.

வயலில் கொட்டலாமா?

விவசாயிகள் சிலர், லாரிக் கழிவு நல்ல உரமென்று கருதி வயலில் கொட்ட இசைகின்றனர். உரச்சத்து அதில் இருப்பது உண்மையே. ஆனால் பச்சைக் கசடில் வயிற்றுப்போக்கு, மஞ்சட்காமாலை ஆகியவற்றின் கிருமிகளும் நாக்குப்பூச்சி முட்டைகளும் உள்ளன. அம்முட்டைகள் மண்ணில் பல மாதங்கள் உயிரோடிருக்கும். வெறுங்காலுடன் நாற்று நடும் பெண்களுக்கும், அந்நிலத்துக் கீரையை உண்பவர்க்கும் அதனால் தீங்கு நேரும். சுத்திகரித்து உலர்த்திய கசடையே உரமாகக் கொள்ளுதல் வேண்டும். நிலத்தடி நீர் தாழ்ந்துள்ள ஊர்களில் இரட்டைக்குழிக் கழிப்பறையும் ஏற்றது. ஒரு குழி நிறைந்ததும் அதனை மூடி மற்றொன்றைப் பயன்படுத்தினால், மூடிய குழியில் உள்ளது இரண்டு ஆண்டுகளில் வாடையற்ற எருவாக மாறிவிடும்.

தொட்டிக்குள் எவரும் இறங்கலாகாது

தொட்டிக்குள் மீத்தேன், ஹைட்ரஜன் சல்ஃபைடு முதலிய வாயுக்கள் தேங்கியிருக்கும். ஹைட்ரஜன் சல்ஃபைடு மிகுந்தால் மூக்கின் மோப்ப உணர்வையே மழுக்கிவிடும். ஆதலால் வாடை இல்லை என்று நம்பி இறங்குபவர் மயங்கி விழுவார். அவரைக் காப்பாற்ற இறங்குபவரும் மடிவார். காப்புச் சாதனங்கள் இன்றி ஒருவரை இவ்வேலைக்கு இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். முதற் குற்றத்திற்கே ஈராண்டு வரை சிறையோ, இரண்டு இலட்சம் ரூபாய் வரை தண்டமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். இவ்வாறு உயிரிழந்தோர் குடும்பத்திற்கு முப்பது இலட்சம் ரூபாய் அளித்தல் வேண்டுமென்று 2023ஆம் ஆண்டு அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பணம் எவ்வளவாயினும் போன உயிர் மீளாது. லாரியின் குழாய் எட்டுமாறு மூடி அமைப்பதே இதற்கு முதல் காப்பு.

ஊராட்சி செய்யத்தக்கவை

பொதுக் கழிப்பிடங்களோடு தனியார் கழிப்பிடங்களையும் தூய்மைப்படுத்த ஏற்பாடு செய்வது ஊராட்சியின் கடமைகளுள் ஒன்றென 1994ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் கூறுகிறது. புதிய ஆணை வரும்வரை காத்திராமல் கீழ்க்கண்டவற்றை நாம் தொடங்கலாம்.

1. வீடுவாரியாகத் தொட்டிப் பதிவேடு ஒன்று திறத்தல். தொட்டியின் வகை, அளவு, கட்டிய ஆண்டு, கடைசியாகக் கசடு எடுத்த நாள், கிணற்றுக்கு உள்ள தொலைவு ஆகியவை அதில் இருத்தல் வேண்டும்.

2. புது வீடுகளில் தொட்டியின் மேல் தளம் போடுமுன் ஊராட்சிக்குத் தெரிவிக்கச் செய்து, அளவைச் சரிபார்த்தல்.

3. உரிமம் பெற்ற லாரியையே ஊருக்குள் அனுமதித்தல். சுத்திகரிப்பு நிலையத்தில் கொட்டியதற்கான சீட்டைக் கேட்டு வாங்குதல்.

4. இரண்டு அல்லது மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை தெருவாரியாகக் கசடு எடுக்க முறை வைத்தல். பல வீடுகளுக்குச் சேர்த்துப் பேசினால் கூலியைக் குறைத்துக் கேட்கவும் இடமுண்டு.

5. மனை சிறுத்த நெசவாளர் தெருக்களில் பொதுத் தொட்டிக்கு இடம் தேடுதல். சாய நீருக்குத் தனி வழி செய்தல்.

"ஏழை நெசவாளியின் தலையில் இன்னொரு விதியா?" என்று சிலர் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஆகையால் பழைய தொட்டிகளைக் குற்றமாகக் கருதித் தண்டம் விதிப்பதில் தொடங்கலாகாது. முதலில் பதிவு, அடுத்து அறிவுரை, அதன்பின் திருத்தக் கால அவகாசம், இவை கடந்த பின்னரே நடவடிக்கை என்னும் வரிசையே தக்கது. கழிவை ஓடையில் கொட்டும் லாரிக்கு மட்டும் இந்த அவகாசம் வேண்டியதில்லை.

நம் மாவட்டத்து உத்திரமேரூரில், பத்தாம் நூற்றாண்டில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள், குடவோலையால் தேர்ந்தெடுக்கப்பட்ட ஏரி வாரியத்தைப் பற்றிக் கூறுகின்றன. ஊர் நீரைக் காப்பது ஊராரின் வேலை என்று அன்றே வகுத்திருந்தனர். அந்த ஏரிகளுக்கு இன்று தூர்வாருதல் மட்டும் போதாது. கழிவு வந்து சேராமல் தடுத்தலும் வேண்டும். அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் தொட்டிப் பதிவேட்டைப் பொருளாக வைத்துத் தீர்மானம் நிறைவேற்றுங்கள். பதிவேட்டின் முதற் பக்கத்தில் உறுப்பினர்களின் வீட்டுத் தொட்டிகளே இடம்பெறட்டும்.